மீன் மேல் விழுந்த பழி

அம்மா அனுப்பும் மீன் பெட்டி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் கடற்கரையில் அப்பாவுக்கு ஒரு படகு, அம்மாவுக்கு மீன் வியாபாரம். கல்யாணமாகி நான் நன்னிலத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. நெல் போடுகிற குடும்பம், விதை டிப்போவில் எனக்கு வேலை, ஒரு குறையும் இல்லை. நாக்கு மட்டும் இன்னும் கடற்கரையை விட்டுக் கிளம்பவில்லை. அது தெரிந்துதான் அம்மா தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, கொடுவாவோ இறாலோ வைத்து, டேப் ஒட்டி, தெரிந்த கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவாள். மூடிக்கு மேல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் ஓர் அட்டை கேஸ் மாத்திரையும் கட்டியிருக்கும். காலேஜ் நாளிலிருந்தே எனக்கு நெஞ்செரிச்சல். பெட்டி பஸ் ஏறியதும் போன் வரும். "சாப்பிடறதுக்கு முன்னாடி மறக்காமப் போட்டுக்கடி."

என் மாமியாருக்கு அந்தப் பெட்டி மேல் என்றைக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. குளத்து விரால், வாய்க்கால் கெளுத்தி என்றால் உயிரையே விடுவார். "கடல் மீன் சூடும்மா" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்துப் போட்டுக்கொள்வார். நான் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் மூன்றாவது துண்டு எனக்குக் கிடைக்காது.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு, கொடுவாக் குழம்பு. கடைசி உருண்டை வாய்க்குப் போவதற்குள் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. கை கழுவும்போது கண்ணாடியில் பார்க்கிறேன், கழுத்து முழுக்கத் திட்டுத் திட்டாகத் தடித்துச் சிவந்து கிடக்கிறது. அடக் கடவுளே! மாமியார் எட்டிப் பார்த்தார். ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னார். "மீன்."

தெருமுனை கிளினிக் டாக்டரும் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார், மீன் என்றேன், தலையை ஆட்டினார். ஊசி போட்டு, அரிப்புக்கு ஐந்து நாள் மாத்திரை எழுதினார். எங்கள் பக்கம் எந்த வியாதிக்குச் சீட்டு எழுதினாலும் கடைசி வரியில் ஒன்று இருக்குமே, வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, அதையும் எழுதினார். நானும் சமர்த்தாகப் போட்டேன். ஐந்து நாளும் தடிப்பு போவதும் வருவதுமாக இருந்தது. "மீனோட வெஷம் லேசுல எறங்குமா?" என்றார் மாமியார். அதையும் நம்பினேன். படித்தவள் என்று பேர்!

இரண்டு வாரம் கழித்து இறால் வந்தது, மறுபடி அதே கூத்து. மறுநாள் டிப்போவுக்கு விதை நெல் வாங்க வந்தவர்கள்கூட என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இறாலாம்மா? அப்பறம் அரிக்காம என்ன செய்யும்?" என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, உன் மீன் எனக்கு ஒத்துக்கலம்மா. கொஞ்ச நாளைக்கு அனுப்பாதே."

"விடியக்காலம் கரைக்கு வந்தது, என் கையால கழுவி வச்சது. அதுல என்னடி கொறை?" என்றாள்.

"கொறைன்னு நான் சொல்லலம்மா."

"வேற என்ன சொன்னே?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

முப்பது வருஷமாக மீன் விற்கிறாள். ஒரு நாள்கூட யார் பையிலும் கெட்ட மீனைப் போட்டதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே பெருமை. என் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் நான். முன்னெல்லாம் இன்றைக்கு என்ன பாடு என்று கேட்டால் போதும், வலையில் விழுந்தது ஒவ்வொன்றையும் பேர் சொல்லி, எடை சொல்லி, யார் பேரம் பேசினார்கள் என்பது வரை கொட்டுவாள். இப்போது கேட்டால், "என்னமோ கெடச்சுது. ஒங்க ஊர்ல மழையா?" என்பாள். போனை வைத்ததும் எனக்கு அழுகையாக வரும்.

மீன் நின்றதும் தடிப்பும் நின்றது. மாமியார் முகத்தில் அப்படி ஒரு களை! தினம் ரசமும் புடலங்காய்க் கூட்டும் சாப்பிட்டால் நெஞ்சு எங்கே எரியும், மாத்திரையை நான் எங்கே தேடுவேன்? அது அன்றைக்கு எங்கள் ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. வடை, பாயசத்தோடு இலைச் சாப்பாடு. நாலு வடைக்காவது வழி பண்ண வேண்டும் என்ற எண்ணத்தில், அலமாரியில் கிடந்த அம்மாவின் பழைய அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது வடையில் உதடு மரத்தது. பாயசம் வருவதற்குள் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு கீச்சு கீச்சென்று கத்தியது. செத்தோம் என்றே நினைத்தேன். வீட்டுக்காரர் நெற்றி நாமத்தோடு பைக்கை எடுக்க, பின்னால் மாமியார் அலறுகிறார்: "புரட்டாசியிலயா மீன் தின்னே?"

ஆஸ்பத்திரியில் சின்ன வயசுப் பெண் டாக்டர். தொடையில் ஓர் ஊசி போட்டு, மூச்சு சீராகும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கேட்டார்.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான் மெதுவாக, "அந்த கேஸ் மாத்திரை போட்டியே" என்றார்.

"அது மாத்திரையாங்க?" என்று அவரிடமே சீறினேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறாகக் கேட்டார். மீனுக்கு முன்னால் ஒன்று, கிளினிக் சீட்டில் ஐந்து நாள், இன்றைக்கு வடைக்கு முன்னால் ஒன்று. "இத்தனை வருஷமா ஒண்ணும் செய்யலையே டாக்டர்?" என்றேன். "பல வருஷம் ஒத்துக்கிட்டது ஒரு நாள் ஒத்துக்காமப் போகலாம்மா. கேஸ் மாத்திரையும் மருந்துதான்" என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூரில் அலர்ஜி டாக்டரிடமும் காட்டினோம். அவரும் மாத்திரைதான் என்றார், மீன் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார்.

அங்கே வாசலிலேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். "மீன் இல்லம்மா! வடை தின்னே ஒதடு வீங்கிப் போச்சு, மாத்திரையாம்!"

"நான் சொன்னேனா இல்லையா!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். சிரித்தாள், அப்பாவைக் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். திடீரென்று சத்தம் நின்றது.

"எந்த மாத்திரைடி? நான் வச்சு அனுப்புவேனே, அதுவா?"

"சேச்சே. இது இங்க கடையில வாங்கினதும்மா."

"அப்படியா" என்றாள்.

ஐப்பசி முதல் ஞாயிறு பெட்டி வந்தது. டேப்பைப் பிரித்தால் முழுசாக ஒரு வஞ்சிரம். மூடிக்கு மேல் அதே பிளாஸ்டிக் கவர், அதே முடிச்சு. உள்ளே வறுத்த சீரகம்.

பெட்டி பஸ் ஏறியதும் வரும் போன் அன்றைக்கு வரவில்லை. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் வந்தது.

"ஒதடு எப்படிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.