செல்வி குடித்த டம்ளர்

என் அம்மா ஆத்தூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் பால்வாடி டீச்சர். நாலரை வயதில் நானும் அங்கேதான் போனேன். வாசலைத் தாண்டிவிட்டால் அம்மாவை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும், மடியில் ஏறக் கூடாது. அம்மா போட்ட சட்டம் அது. அவளுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாம்.

செல்வி வரும்வரை சட்டத்தை நானும் மதித்தேன். காலனியிலிருந்து பால்வாடிக்கு வந்த முதல் பிள்ளை அவள். வந்த அன்றே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்றாள். அம்மா திருத்தவே இல்லை. மத்தியானம் மற்ற பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார, அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் செல்வி தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை வேறு யாரும் தொடவில்லை. வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மா அதே டம்ளரில் தண்ணீர் மொண்டு, எல்லோரும் பார்க்க, வாய்வைத்துக் குடித்தாள். நான் குடித்த டம்ளரில் அம்மா ஒருநாளும் அப்படிக் குடித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

“நெசமாவா சொல்ற? ஒங்கம்மா வாய வச்சா குடிச்சா?”

“ஆமாத்தே. அம்புட்டுத் தண்ணியவும் குடிச்சிருச்சு.”

மறுநாள் பால்வாடிக்கு வந்தது செல்வியும் நானும் மட்டும்தான். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் வந்து நின்றார்கள். “நீங்க குடிச்சது இருக்கட்டும் டீச்சர். ஒங்க பிள்ளைக்குக் குடுப்பீகளா?” என்றாள் ஒருத்தி.

அம்மா, செல்வி குடித்து வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினாள். அவளுடைய டம்ளரா எனக்கு?

“மாட்டேன் போ!”

தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டது. வாசலில் சிரிப்பு எழுந்தது. “பெத்த பிள்ளையே குடிக்கலையே!”

பூப்பறிப்பு தொடங்கியதும், வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிள்ளைகளை விட வேறு இடமில்லாமல் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தனி டம்ளர் கொடுத்தனுப்பினார்கள். அதையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அம்மா பழைய டம்ளரிலேயே எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

ஆனால் நான் டம்ளரைத் தட்டிவிட்ட அன்று, வீடு வரும்வரை அம்மா என்னை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. செல்வியை ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தேன். அந்த வாசலில் என்னோடு சேர்ந்து வேறு யாரெல்லாம் ஜெயித்தார்கள் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.