சாக்கு மூடின கூண்டைத் திறந்துட்டேன்

இன்னைக்கு ஜீப்புல எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினேன்.

குரங்கணியிலிருந்து போடிக்கு இறங்கிக்கிட்டிருந்தோம். பின்னாடி சாக்குப் போட்டு மூடின ஒரு கூண்டு, உள்ளே ஒரு தாய்க்குரங்கு. பிடிச்சது எங்க தெரு முருகண்ணன்.

"சாக்கு எதுக்குண்ணே?"

"போன தடவை மூடாம கொண்டுபோய் விட்டேன். ஓடை, பாறை, மரம்னு அடையாளம் பார்த்து வச்சுக்கிட்டுத் திரும்பி வந்திருச்சு. இந்தத் தடவை எப்படி வருதுன்னு பாக்குறேன்."

"அதோட குட்டி அங்க ஊர்ல கத்திக்கிட்டு இருக்கேண்ணே?"

"குட்டியப் பார்த்தா என் வாழைய யாரு பாக்குறது?"

டீ குடிக்க வண்டி நின்னதும், சாக்கை உருவிக் கூண்டைத் திறந்துட்டேன்.

அது புளியமரத்து உச்சிக்கு ஏறுச்சு. மலையைப் பார்த்துச்சு, கீழே ஓடையைப் பார்த்துச்சு. அப்புறம் இறங்கி ஓடையோரமாவே மேல போயிருச்சு.

"உனக்கென்ன சோலி இதுல?"ன்னு முருகண்ணன் கத்தினார். ஜீப்புல இருந்த மத்தவங்களும் சேர்ந்து திட்டினாங்க.

"ஒரு தாயைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோறதப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா வர முடியாதுண்ணே. என்ன வேணா பண்ணுங்க"ன்னேன்.

சாயங்காலம் அம்மா போன் பண்ணுச்சு. குரங்கு வந்திருச்சாம். குட்டி அதோட வயித்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்லையாம்.

இனி அது எங்க தோட்டத்துக்குத்தான் வரும்னு முருகண்ணன் சாபம் விட்டிருக்கார்.

வரட்டும். அதுக்கு வழி தெரியும்.

திட்டுறவங்க கமெண்ட்டுல வரிசையா வாங்க.