குகனின் பங்கு

ஜெயரூபி பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறாள். பரந்தனில் அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர் வயலுக்காக அவளும் மூத்த அண்ணன் பாலேந்திரனும் பதினொரு வருடங்கள் பேசாமல் இருந்தார்கள். சின்னண்ணன் குகன் போரின் கடைசி மாதத்தில் காணாமல் போனவன். அவன் கையெழுத்து இல்லாமல் வயலைப் பிரிக்க முடியவில்லை.

போன மாசியில் பாலேந்திரன் தான் இருக்கும் ஸ்தேன் புறநகரிலிருந்து கடைக்கே வந்தார். குகனுக்கு மரணச் சான்றிதழ் கேட்கும் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார்.

"இதிலை கையெழுத்து வை. பிறகு உன்ரை பங்கு உனக்கு, என்ரை பங்கு எனக்கு."

"சின்னண்ணை உயிரோடை வந்தால்?"

"பதினாறு வருசமாச்சு, ரூபி."

அவள் கையெழுத்திட்டாள். சில மாதங்களில் சான்றிதழும் வந்தது, காணி உறுதியும் எழுதி முடிந்தது. குகனின் பங்கு இருவருக்கும் பாதி பாதியாகப் போனது.

அந்த வாரமே, லா சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிகளில் யாரோ பின்னாலிருந்து "ரூபிக்குட்டி" என்று கூப்பிட்டார்கள். குகன் மட்டும்தான் அவளை அப்படி அழைப்பான். திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. பிறகு செவ்ரானில் இருக்கும் வீட்டுக்குப் போகும் ரயிலிலும் தினமும் கேட்டது. கணவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

உறுதியின் பிரதியைக் கொடுக்க வந்த பாலேந்திரன், கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். ஆள் மெலிந்திருந்தார்.

"உனக்கும் கேக்குதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. உங்களை என்னெண்டு கூப்பிடுறார்?"

"கூப்பிடுறேல்லை. கதவைத் தட்டிப்போட்டு நிக்கிறான். திறந்தால் ஆளில்லை."

எல்லைக்கல் நட வேண்டாமென்று இருவரும் ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். வயல் இந்தப் போகம் விதைக்கப்படவில்லை. ஞாயிறுகளில் பாலேந்திரன் ஜெயரூபி வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். அவர் இருக்கும்வரை அவள் வாசல் கதவைச் சாத்துவதில்லை.