எட்டும் தண்ணீர் லாரியும்

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி காலை ஆறரைக்கு வரும். தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறந்துவிட்டு, நிரம்பும்வரை பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். இரண்டு வருடமாக அந்த ஆள் நான்தான். "நீங்க வீட்லதானே இருக்கீங்க மேடம்" என்று செக்ரட்டரி முதல் நாள் சொன்னபோது தலையாட்டினேன். ஆட்டிய தலை அப்புறம் நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல், எதிர் வீட்டுக்காரரின் கூரியர் எல்லாம் என் தலையில்தான் வந்து விழுந்தன.

இதற்கு நடுவே, நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஸ்கூட்டர் ஓட்டும் வெறி பிடித்தது. புது வண்டியும் வாங்கியாயிற்று. ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் எட்டுப் போடும்போது இரண்டு முறையும் தரையில் கால் ஊன்றித் தோற்றேன். ஊன்றாமல் என்ன செய்வது? பின்பக்கத்துக் காலி மனையில் ஏழரைக்கெல்லாம் ஸ்கூல் வேன்கள் வந்து நின்றுவிடும். பழகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரமும் நான் சம்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது டெஸ்டுக்கு ஒரு வாரம் இருந்தது. செக்ரட்டரி வீட்டு மணியை அடித்தேன்.

"சார், நாளையிலேர்ந்து லாரிக்கு நான் வரமாட்டேன்."

"ஊருக்குப் போறீங்களா மேடம்?"

"இல்ல சார். வண்டி பழகணும்."

"அத சாயங்காலம் பழகலாமே?"

காரணம் சொன்னால் அதற்கொரு வழியும் சொல்வார் என்று அப்போதுதான் உறைத்தது. "முடியாது சார்" என்று மட்டும் சொன்னேன். படியிறங்கும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் லாரி ஹாரன் அடித்ததும் கால்கள் தாமாக ஓடப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன். ஒரு வாரமும் தலை சுற்றச் சுற்ற எட்டுப் போட்டேன். டெஸ்ட் அன்று கால் தரையைத் தொடவே இல்லை. சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் ஆறரைக்கு வண்டியை வெளியே எடுத்தேன். கேட்டருகே லாரி நின்றது. செக்ரட்டரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்பின் மேல் குனிந்திருந்தார்.

"இன்னாக்கா, எங்க கெளம்பிட்ட?" என்றார் லாரி டிரைவர்.

"தாம்பரம் மார்க்கெட்டுக்குண்ணா."

செக்ரட்டரி சட்டென்று நிமிர்ந்தார். "தாம்பரமா? மேடம், ஒரு நிமிஷம் நில்லுங்க, அப்படியே எனக்கு..."

நின்றால் கால் ஊன்ற வேண்டும்.

"முடியாது சார்" என்று சொல்லிக்கொண்டே அவரைக் கடந்து போனேன்.