நோட்புர்கா கேட்ட ஊசி

எங்களோடு காட்டில் மரக்கன்று நட வந்தவர்களில் சென்சி என்று ஒரு கைம்பெண் இருந்தாள். குளிக்கச் சோம்பல்படுவாள், தலையெல்லாம் சிக்கு. பக்கத்தில் உட்கார யாருக்கும் மனசு வராது. மாலையில் காட்டைவிட்டு இறங்கும் முன் நாங்கள் ஒருத்திக்கு ஒருத்தி பின்கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் பார்த்து, உண்ணி ஒட்டியிருந்தால் எடுத்துவிடுவோம். சென்சிக்குப் பார்க்க ஆளில்லை. வீட்டிலும் இல்லை. எங்கள் கூட்டத்து நோட்புர்கா இதைக் கவனித்துவிட்டாள். “சென்சி, இங்க வா, உன் பின்னல் அவுந்து கெடக்கு” என்று கூப்பிட்டு உட்காரவைப்பாள். பின்னிவிடுகிற சாக்கில் கழுத்து முழுக்கப் பார்த்துவிடுவாள். உண்ணி என்ற சொல்லையே எடுக்கமாட்டாள். தன் முடி அழகாக இருப்பதால்தான் நோட்புர்கா ஆசைப்பட்டுப் பின்னுகிறாள் என்று சென்சி கடைசிவரை நம்பினாள்.

நோட்புர்காவை நாங்கள் பூர்கி என்றுதான் கூப்பிடுவோம். அவளையும் சேர்த்து நாங்கள் பதினொரு பெண்கள், அவள்தான் மேஸ்திரி மாதிரி. பனி உருகினதும் எங்கள் ஸ்டைரியா மலைச்சரிவுகளில், மரம் வெட்டின இடத்தில் புதுக் கன்று நடவேண்டும். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, கன்றை இறக்கி, காலால் அழுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போவோம். ஆறு வாரத்து வேலை.

அவள் தம்பி கொர்பினியன் மரம் வெட்டப் போனவன். ஒரு வசந்தத்தில் காய்ச்சலாகப் படுத்தான். சில நாளில் எழுந்து சூப் குடித்தான். பிழைத்துவிட்டான் என்று நன்றிப் பூசைகூட வைத்தாயிற்று. அப்புறம் அதே காய்ச்சல் திரும்பி வந்து மூளைக்கு ஏறியது. உயிரை ஆண்டவர் விட்டுவைத்தார். வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கிப்போனது. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் புறப்படும்போது அவன் கோட்டுக்குப் பித்தான் போட்டுவிடுவது பூர்கிதான். உண்ணி கடித்து வந்த காய்ச்சல் அது. உண்ணியை உடனே பிடுங்கிப் போட்டாலும், கடித்த நொடியே விஷம் இறங்கிவிடும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் கழுத்தைப் பார்த்து முடித்த பிறகும் அவள் முகம் தெளியாது.

அந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்று ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேள்விப்பட்டோம். மரம் வெட்டுகிற ஆண்களுக்கு, அந்தக் காட்டை வைத்திருக்கிற எஸ்டேட்டே போடப்போகிறதாம். பூர்கி என்னையும் கூட்டிக்கொண்டு வனக்காவலர் ஹஸ்லாகர் வீட்டுக்குப் போனாள்.

“எங்களுக்கு எப்பங்கய்யா?”

“உங்களுக்கா? நீங்க ஆறு வாரம் வந்துட்டுப் போறவங்க, பூர்கி. அவங்க வருஷம் பூரா காட்டுல கெடக்கறவங்க.”

“அந்த ஆறு வாரந்தான் உண்ணி முழிச்சிக்கற நேரம். அவங்க நின்னு வெட்டறாங்க. நாங்க மண்டி போட்டு நடறோம். ஊசி இல்லாம இந்த வருஷம் நாங்க ஏற மாட்டோம்.”

“அப்படின்னா அடுத்த பள்ளத்தாக்குலேர்ந்து ஆள் கூப்பிட்டுக்கறேன்.”

“கூப்பிடுங்க. நாங்க ஏன் வரலைன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கு மட்டும் ஒரு பதில் யோசிச்சு வச்சுக்குங்க.”

பூர்கி குரலை இறக்கிக்கொண்டாள்.

“கன்னு வந்து எறங்கினா வேர் காயக்கூடாதுன்னு ஈரச்சாக்கு போட்டு மூடச் சொல்றீங்க. என்னிக்காச்சும் மறந்திருக்கமா? அந்தக் கன்னுக்குப் பாக்கற அளவு எங்களையும் பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

அடுப்படியிலிருந்து அவர் வீட்டம்மா, “அவ கேக்கறது நியாயந்தானே” என்றாள்.

ஹஸ்லாகர் நல்ல மனுஷர்தான். “மேல எழுதிக் கேக்கறேன்” என்றார். “ஆனா பதினோரு பேரும் வந்து நிக்கணும். மருந்து வீணாச்சுன்னா, அடுத்த தடவை உங்களுக்காக நான் வாயத் தொறக்க முடியாது.”

மருந்து வந்தது. ஜனவரியில், செபஸ்தியார் திருநாளன்று பூசை முடிந்து எல்லோரும் ஊர் விடுதிக் கூடத்தில் டாக்டர் முன்னால் கூடினோம். முதலில் ஆண்கள். ருப்பெர்ட் என்று ஒருவன், வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கிற அளவு பெரிய ஆள், ஊசியைப் பார்த்ததும் வெளுத்துப்போனான்.

“செபஸ்தியார் ஒடம்பு பூரா அம்பு வாங்கினாரு. ஒனக்கு ஒண்ணுக்கே இந்தப் பாடா?” என்றாள் பூர்கி.

“அவரு புனிதரு. நான் ருப்பெர்ட்டு.”

சிரிப்பு அடங்கினதும் பூர்கி எங்களை எண்ணினாள். பத்துப் பேர்தான்; ஒட்டிலியைக் காணோம். ஊசி போட்டால் காய்ச்சல் வந்து படுக்கவேண்டும் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பூர்கி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பனியில் ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். ஒட்டிலி மாட்டுக்கொட்டிலில் இருந்தாள்.

“நாளைக்கு நான் படுத்தா இதுங்கள யாரு கறப்பா? ஒன் செபஸ்தியாரா?”

“அவருக்குக் கறக்கத் தெரியாது. நான் வந்து கறக்கறேன்.”

“என் செவலை வேற கை பட்டா ஒதைப்பா.”

“என்னை அவ ஒதைக்கட்டும். ஒன்னை அந்தக் காய்ச்சல் ஒதைச்சா, ஒன் கோட்டுக்குப் பித்தான் போட யாருடி இருக்கா?”

ஒட்டிலி வாளியைக் கீழே வைத்தாள்.

நாங்கள் திரும்புவதற்குள் டாக்டர் பெட்டியை மூடியிருப்பாரோ என்று வழியெல்லாம் ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தேன். கூடத்தில் பார்த்தால் ருப்பெர்ட் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலிமேல் நீட்டியிருக்கிறான். “டாக்டரய்யா, இந்தக் கால் ஆணியப் பாத்தாச்சுல்ல, அந்த விரலையும் கொஞ்சம் பாத்துருங்க.” பூர்கியைக் கண்டதும், டாக்டரைப் பிடித்துவைத்த வேலை முடிந்தது என்று காலை இழுத்துக்கொண்டான்.

பூர்கி எங்கள் எல்லாருக்கும் பின்னால், கடைசியாக உட்கார்ந்தாள். அவள் சட்டைக் கையின் பித்தானைக் கழற்றிவிட்டது கொர்பினியன். இடது கையால், மெதுவாக. டாக்டர் ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கூடத்தில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஒட்டிலிக்குச் சொன்ன மாதிரியே காய்ச்சல் வந்தது. பூர்கி போய்க் கறந்தாள். செவலையும் சொன்ன மாதிரியே உதைத்தது. நீலம் பாரித்த தன் முழங்காலைப் பூர்கி அந்த வாரம் முழுக்க எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். ஒரு மாதம் போல் கழித்து, சாம்பல் புதனுக்கு முன்னால் இரண்டாவது ஊசி, அடுத்த குளிர்காலத்தில் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பதினொரு பேரும் போய் நின்றோம். எங்களில் ஒருத்தியைக்கூட அந்த உண்ணிக் காய்ச்சல் தொடவில்லை. நட வருகிற பெண்களுக்கு எஸ்டேட்டில் இப்போது கேட்காமலே போடுகிறார்கள். அந்தச் சரிவில் நாங்கள் நட்ட கன்றுகள் கோயில் மணிக்கூண்டு உயரம் வந்துவிட்டன. போகிற வழியில் நின்று பார்ப்பேன். இவ்வளவும் ஒருத்தி கேட்டதனால் என்று நினைக்கும்போது எனக்கே முதுகு நிமிரும்.

இருதயம் பலவீனப்பட்டுப் பூர்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்தேன். புறப்படும்போது நெற்றியில் சிலுவை போடக் குனிந்தேன். அவள் கை என் கழுத்துக்குப் பின்னால் போய்க் காலரைத் தூக்கித் தடவிப் பார்த்தது.

“பூர்கி, வெளியில மொழங்கால் பனி. ஏது உண்ணி?”

“தெரியும்டி” என்றாள். “பனி உருகறதுக்குள்ள ஊசியப் புதுப்பிச்சுக்கோ. கழுத்தப் பாக்க மட்டும் இந்த வருஷம் வேற ஆளத் தேடிக்கோ.”