கார் பார்க்கின் வடக்கு மதில்

இங்கிலாந்தில் எப்போதோ இடித்துத் தள்ளப்பட்ட ஒரு தேவாலயத்தை, மெல்பேர்ணில் இருந்துகொண்டு, நான் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பராமரித்து வந்தேன். புல் வெட்டுவித்தேன். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினேன். வாசலில் மஞ்சள் பூச்செடி நட்டேன். காவல்காரர் ஒருவரையும் நியமித்திருந்தேன். அவருக்கு முழங்கால் வருத்தம். இவ்வளவும் பக்கத்து வீட்டு மூதாட்டியின் குசினியில், அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தபடி, வாயாலேயே செய்து முடித்த வேலைகள். ஐம்பதைத் தாண்டிய, நாலு புத்தகம் வாசித்த மனிதன் செய்கிற காரியமா இது என்று கேட்கலாம். நாலு புத்தகம் வாசிக்காதவனால் இதைச் செய்திருக்க முடியாது.

ஒழுங்காகச் சொல்கிறேன். இலங்கையில் யுத்தம் முடிந்த மறுவருஷம் நாங்கள் மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலுக்குக் குடிவந்தோம். அதற்கு முன் நான் இங்கிலாந்தில், லங்காஷயரின் மலையடிவாரத்துச் சிறிய ஊரொன்றில் அகதியாய்ப் போய் இறங்கி, பெற்றோல் ஸ்ரேஷன் ஒன்றின் கல்லாவுக்குப் பின்னால் வாலிபத்தின் மிச்சத்தைக் கழித்தவன். மனைவியின் தமையன்மார் எல்லோரும் மெல்பேர்ணில். லங்காஷயர் மழையா, மச்சான்மாரா என்று தெரிவு செய்யும் உரிமை எனக்குத் தரப்படவில்லை.

ஸ்பிரிங்வேலில் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி தனியே இருந்தார். எண்பதை நெருங்கியவர். இளம் வயதில் கணவரோடு கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். அந்தக் கணவர் நாங்கள் வருவதற்குச் சற்று முன்னர்தான் காலமாகியிருந்தார். அவருடைய சாம்பல் ஒரு சாம்பல் நிறப் பெட்டியில், குசினி ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. ஒரே மகள் சிட்னியில். குப்பை வாளியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்த ஒரு காலையில் மூதாட்டி, நான் முன்னர் இருந்த ஊர் எது என்று விசாரித்தார். சொன்னேன். வாளியைக் கைவிட்டுவிட்டார். அது அவர் பிறந்த ஊர்.

அவருடைய பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது என்று யோசித்தேன். அந்த ஊர் ஆங்கிலம் பாதிச் சொல்லை விழுங்கும், மீதியை இழுக்கும், முன்பின் தெரியாதவனையும் செல்லமாகக் கூப்பிடும். யாழ்ப்பாணத் தமிழ்தான் சரி. அந்தச் செல்லச் சொல்லுக்கு ‘ராசா’ என்று வைத்துக்கொள்கிறேன்.

“மில் சிமினி நிக்குதோ, ராசா?” என்று கேட்டார்.

“நிக்குது” என்றேன்.

“சந்தைக் கட்டடம்?”

“ஓம், அப்பிடியே இருக்கு.”

“எங்கட சேர்ச்?”

“அதுக்கென்ன குறை.”

சிமினியைப் பாதியோடு வெட்டியிருந்தார்கள். ஆலையை ஒற்றை அறை வீடுகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். சந்தைக் கட்டடத்தில் எதை எடுத்தாலும் ஒரே விலை என்ற கடை. கால்வாயில் சுப்பர் மார்க்கெட்டின் தள்ளுவண்டிகள் கவிழ்ந்து கிடக்கும். அந்த மெதடிஸ்த தேவாலயத்தை நான் கண்டதே இல்லை. அது இருந்த நிலத்தில்தான் நான் வேலை செய்த பெற்றோல் ஸ்ரேஷனும் அதை ஒட்டிய சுப்பர் மார்க்கெட்டின் கார் பார்க்கும் இருந்தன. ‘முன்னர் இவ்விடத்தில்’ என்று ஒரு பழைய படம் எங்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்தத் தேவாலயத்தோடு எனக்கிருந்த தொடர்பு அவ்வளவே.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் இருக்கிறவர் ஊரைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்வதில்லை. லங்காஷயரில் இருந்தபோது ரெலிபோன் காட் வாங்கி ஊருக்கு எடுத்தால் சித்தப்பா, “வீடு நிக்குது, மாமரம் இந்த முறை நல்லாக் காய்ச்சது” என்பார். வீட்டுக்குக் கூரையும் கதவும் இல்லாமல் போய் வருஷக்கணக்கு. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது சித்தப்பாவுக்கும் தெரியும். மரணச் செய்தியைக்கூட “கொஞ்சம் கடுமையாய் இருக்கு” என்றுதான் தொடங்குவோம்; செத்தவீடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகுதான் ஆள் போன விஷயம் வெளியே வரும். இரண்டு பக்கமும் விதி தெரிந்து ஆடுகிற ஆட்டம் இது. கேட்கிறவர் நம்பிப் பிரயாணத்துக்கு ஆயத்தமாக மாட்டார். பிறகு சித்தப்பா வன்னிக்குப் போனார். யுத்தம் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பின், எனக்குப் பொய் சொல்லவும் மறுமுனையில் ஆளில்லை.

ஆங்கிலேயருக்கு இந்த ஆட்டம் தெரியாது. அவர்கள் பதில் வேண்டும் என்பதற்காகக் கேள்வி கேட்பவர்கள். அவர்களுடைய மொழியில் இத்தனை வாசித்தும் இந்த ஒரு விஷயம் என் மண்டையில் ஏறியிருக்கவில்லை.

கிழமையில் ஒரு நாளாவது மூதாட்டி தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். அவர் தன் ஊரைச் சொல்வார். விடியுமுன் நீளக் கம்போடு ஒருவர் தெருத்தெருவாக வந்து மேல்மாடி யன்னல்களைத் தட்டி, ஆலைக்குப் போகிறவர்களை எழுப்புவாராம். கோடையில் ஆலைகளை ஒரு கிழமை பூட்ட, முழு ஊரும் ரயிலேறிக் கடற்கரைக்குப் போகுமாம். போய்ப் பார்த்தால் அங்கேயும் பக்கத்து அறையில் அதே பக்கத்து வீட்டுக்காரி. தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்பதால் பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துக் கதைப்பார்களாம். மேற்பார்வையாளன் நடுவில் நிற்கும்போதே அவனைப் பற்றி வம்பளக்கலாம். எனக்குச் சொல்ல நான் கண்ட அதே ஊர் இருந்தது: இரவில் கண்ணாடிக்கு வெளியே நின்று சிகரெட் கேட்கிற, வேலையில்லாத பொடியன்கள். அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே தேவாலயத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு கிழமை புல். மறு கிழமை கூரை. ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் ஒரு திருத்தவேலை.

ஒருநாள் அவர் சொன்னார்: “எங்கட மூத்தது அங்கதான் கிடக்கு, ராசா. பெட்டைப்பிள்ளை. பிறந்து கொஞ்ச நாள்தான். வடக்கு மதிலோரம் சின்னக் கல்லொண்டு. பேர் வெட்டேல்லை. அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லவே அப்ப எங்களுக்கு ஏலாமக் கிடந்தது. நீங்கள் கண்டிருப்பீங்களோ?”

என் வாயில் பிஸ்கட் இருந்தது. அதை விழுங்கும் நேரத்துக்குள் நான் திருந்தியிருக்கலாம்.

“ஓம், கண்டனான்” என்றேன். “சுத்தமா வைச்சிருக்கினம்.”

அவர் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி, “கேட்டீங்களே, இஞ்சேருங்கோ” என்றார்.

அதற்குப் பிறகு சில கிழமைகள் நான் வேலை அதிகம் என்று அந்தப் பக்கம் போகவில்லை. ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் எனக்கு வேலை. நகரத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்குக் கார் ஓட்ட வேண்டும். ஆகவே சாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு சனிக்கிழமை வேலிக்கு மேலால் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

“டிக்கெட் எடுத்தாச்சு, ராசா. நானும் மகளும் போறம். அவரைக் கொண்டுபோய்ப் பிள்ளையோட வைக்கப் போறம். காவல்காரருக்கு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லி வையுங்கோ. சின்னக் குழி போதும். அவருக்கு முழங்கால் ஏலாதெண்டால் மகள் வெட்டுவாள்.”

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், கையை நிறுத்தவில்லை.

“இல்லாத மனுசனுக்கு வருத்தமும் குடுத்து வைச்சிருக்கிறியள்.”

“இப்ப என்ன செய்யிறது?”

“போய்ச் சொல்லுங்கோ.”

“எப்பிடிச் சொல்றது?”

“வாயாலதான். அது உங்களுக்கு நல்லா வேலை செய்யுதே.”

உடனே போகவில்லை. முதலில் லங்காஷயரில் என் இடத்தில் இப்போது கல்லாவில் நிற்கும் பழைய சிநேகிதனுக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னோடு ஒரே அறையில் இருந்தவன். அந்த ஊரின் வயதான வாடிக்கையாளர் சிலரிடம் கேட்டுவிட்டு, இரண்டொரு நாளில் அவனே திருப்பி எடுத்தான்.

“மச்சான், சேர்ச்சை இடிக்கேக்க கல்லுகளையும் கிடந்த ஆக்களையும் கிளப்பி, ஊர் மயானத்தில ஒரு மூலையில சேர்த்து வைச்சவையாம். அது பெரிய ஆக்கள். பேரில்லாத சின்னனுகளை எடுத்தவையோ விட்டவையோ, அது ஒருத்தருக்கும் தெரியாது.”

“வடக்கு மதில்?”

“அது நிக்குதடா. தள்ளுவண்டிக் கொட்டகைக்குப் பின்னால. நீ நிண்டு சிகரெட் பத்துற இடமெல்லே?”

ஆம். அந்த மதில் மழைக்குச் சற்று மறைவு. வேலை இடைவேளைகளில் எல்லாம் அங்கேதான் நின்றேன். குடித்து முடித்து, கீழே போட்டு, சப்பாத்தால் நசுக்குவேன். எத்தனை வருஷம் நசுக்கினேன் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

பின்னேரம் போய்ச் சொன்னேன். வசனங்களை நன்றாகத் தயார் செய்திருந்தேன், கதிரையில் இருந்ததும் எல்லாம் மறந்துபோய், “சேர்ச் இல்லை. நான் வர முன்னமே இடிச்சுப் போட்டாங்கள்” என்று மட்டும் வந்தது. அவர் கேத்தலை அடுப்பில் வைக்கப் போனவர், அதைக் கையிலேயே பிடித்தபடி நின்றார்.

“கல்லு?”

“நான் காணேல்லை.”

“காவல்காரர்?”

“அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

அவருடைய உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அது எனக்கல்ல, என்னைத் தாண்டி ஃபிரிட்ஜின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தறிகளுக்கு நடுவில் நின்று கதைத்தவர். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளனுக்கும் தெரிந்திராது.

“என்னத்துக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று கடைசியில் கேட்டார். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். சித்தப்பாவைப் பற்றி, மாமரத்தைப் பற்றி, கூரையில்லாத வீட்டைப் பற்றி. அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் நன்றாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். நன்றாகச் சொல்வதுதானே என் வியாதி.

“உங்கட சித்தப்பா சொன்ன வீட்டுக்கு நீங்கள் ஒருத்தரையும் புதைக்கக் கொண்டு போகேல்லையே” என்றார்.

சிநேகிதன் சொன்ன மயானத்து மூலையையும், வடக்கு மதில் மட்டும் இன்னும் நிற்பதையும் சொன்னேன்.

பிறகு அந்த மதிலைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு உயரம். என்ன கல். வெயில் படுமா. முதன்முறையாக அந்த ஊரைப் பற்றி அவருக்கு உண்மை சொன்னேன். ஆளுயரம். புகை பிடித்துக் கறுத்த கல். மாசி பங்குனியில் பின்னேரம் கொஞ்சம் வெயில் வரும். முன்னால் தள்ளுவண்டிகள், அதற்கு முன்னால் கார்கள். சிகரெட்டை மட்டும் சொல்லவில்லை. பயணத்தை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். “டிக்கெட் எடுத்தாச்சு” என்றார். அன்று தேத்தண்ணி போடவில்லை.

மகளோடு போனார். திரும்பி வந்த கிழமை, வேலியடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றார். நான்தான் முதலில் கதை கொடுத்தேன்.

“பாதி மதிலடியில, பாதி மயானத்து மூலையில. பிள்ளை எங்க எண்டு தெரியாட்டி வேற என்ன செய்யிறது” என்றார். “உயிரோட இருந்தால் சம்மதிச்சிருக்க மாட்டார். ஒரு கேக்கைக்கூடப் பாதியாக்க விடாத மனுசன்.”

“மழையோ?”

“மழைதான். உங்கட சிநேகிதன் வந்து தள்ளுவண்டியெல்லாத்தையும் இழுத்து ஒதுக்கி விட்டவர். முடியுமட்டும் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவர்.”

கடைசி உடுப்பைக் கவ்வியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். யன்னலூடாகப் பார்த்தேன். ஃபிரிட்ஜின் மேல் இப்போது ரொட்டி வைக்கும் பாண் பெட்டி இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. வேலியடியில் கண்டால் தலையாட்டுவார். மாரி போய் அடுத்த கோடையும் வந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இருக்கவில்லை என்றால் நம்ப வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அதை மனைவியிடம் விரிவாகவே எடுத்துச் சொன்னேன். ஆங்கிலேயர் துக்கத்தை வேலி தாண்டிக் கொண்டுவரமாட்டார்கள். அது அவர்களுடைய அடக்கம். நான் நிறைய வாசித்திருக்கிறேன். எங்களைப்போல் ஒப்பாரி வைத்து இறக்கத் தெரியாதவர்கள், உள்ளே பூட்டிக்கொண்டு தனியாக இருந்து ஆறுவார்கள். கோபம் என்று ஒன்றும் இல்லை; இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். அவருக்கு இப்போது வேண்டியது தனிமை. அதை நான் மதிக்கிறேன்.

மனைவி எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

“அவ நேற்றும் இஞ்ச வந்திருந்தவ” என்றார். “முந்தநாளும் வந்தவ. உங்கட கார் இல்லாத நேரம் பாத்துத்தான் வாறவ.”