ரசலையன் கோத்த கடைசி வரி

எங்கள் 'பாடுபடுவோன்' வாரப் பத்திரிகையின் வரலாற்றை இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். 1927இல் தொடங்கியது, 1935இல் நின்றது, நடுவில் பறிமுதலான இதழ்கள், எல்லாம் அதில் உண்டு. இது மட்டும் இல்லை. ஆனால் இது நடந்தது. நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை.

நாகர்கோவிலில் ஒரு ஓட்டு வீட்டில் அச்சகம். என் கணவர் ஆசிரியர். பிழை திருத்துவதும் தலையங்கம் எழுதுவதும் நான். அச்சுக்கு எழுத்துக் கோக்க ரசலையன் ஒருவன்தான்.

1934, ஆனி மாதம். ஒரு புதன்கிழமை இருமிக்கொண்டே வந்து நின்றான்.

"அக்கா, நெஞ்சடைக்கு. ஒருக்கா நெய்யூர் ஆசுபத்திரி வரெ போயிட்டு வரட்டா?"

"சனிக்கிழமை பேப்பர் வெளிய போவட்டும். பொறவு போ."

சிரித்தான். "அருமனை ரப்பர் தோட்டத்து ஆளுவளுக்குத் தீனம் வந்தா லீவு குடுக்கணும்னு எழுதியிருக்கியளே. நாந்தானே கோக்கேன். அவனுவளுக்குக் கெடச்சா எனக்கும் சொல்லுங்க."

வியாழக்கிழமை அவன் வரவில்லை. அந்தத் தலையங்கம் பாதி கோத்தபடி நின்றது.

வெள்ளி. கணவர் ஊரில் இல்லை. நல்ல மழை. மாலை 4:10.

உள்ளறையில்... டிக்... டிக்... ஈய எழுத்துகளை அடுக்கும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். ரசலையனின் முதுகு.

"வந்தியா?"

திரும்பவில்லை. கோபம் போலும். இருக்கட்டும், வேலை முடிந்தால் சரி என்று மேசைக்குத் திரும்பினேன்.

இருமல் கேட்கவில்லையே...

வாசலில் நான்தானே இருந்தேன். தரையில் ஈரக் காலடி இல்லை.

தலையங்கத்தின் மீதிப் பாதி எழுதிய தாள் என் கையில் இருந்தது. எதைப் பார்த்துக் கோக்கிறான்?

4:40. சத்தம் நின்றது.

போனேன். யாருமில்லை. பின்கதவு உள்தாழ் போட்டபடி.

தட்டில் தலையங்கம் முழுவதும் இருந்தது. ஈயத்தில் இடவலம் மாறி நிற்கும் எழுத்தை அப்படியே வாசித்துப் பழகியவள் நான். ஒரு பிழை இல்லை. 'நோயுற்றவனுக்கு விடுப்பு வேண்டும்' என்பதன் கீழே, நான் எழுதாத ஒரு வரி.

'இந்த அச்சகத்திலும்.'

எனக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இடுக்கியால் அந்த வரியைப் பிடுங்கிப் போட்டேன்.

4:45.

ஏழு மணிக்கு அவன் அண்ணன் சத்தியநேசன் நனைந்தபடி வந்தார்.

"நேத்துக் காலம்பற விழுந்துட்டான், அம்மா. நெய்யூர்ல கெடந்தான். இன்னைக்கு நாலு மணிக்கு மேல, கண்ணே தொறக்காம, வலது கையால என்னத்தையோ எடுத்து எடுத்து இடது கையில அடுக்குனான். பொறவு சட்டுனு... ஆரோ பிடுங்குன மாதிரி உதறினான். அதோட போயிட்டான்."

"எப்போ?"

"நாலே முக்கால்."

சனிக்கிழமை பத்திரிகை நேரத்துக்கு வந்தது. அந்த வரி இல்லாமல்.